அடித்துவிட்ட ஐந்து மீட்டர்

இந்த வருஷம் முதல்முறையாகப் பத்தாம் வகுப்புக் கணக்கு எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருபடிச் சமன்பாடு பாடத்துக்குள் நுழையும் முன்னால் உங்கள் சிவப்புப் பேனாவை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஏன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். ஓய்வு பெற்றவளுக்கு நேரம் நிறைய இருக்கிறது, உங்களுக்கு இருக்காது என்று தெரியும். பேப்பர் திருத்திக்கொண்டே படியுங்கள், பரவாயில்லை. ஸ்டாஃப் மீட்டிங்கில் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

காரணிப்படுத்துவது எப்படி, சூத்திரம் எப்படி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வருவது விடை வந்த பிறகு நடக்கிற கூத்து. எக்ஸுக்கு இரண்டு மதிப்பு வரும். நீளம், வயசு என்று கேள்வி இருந்தால் பெரும்பாலும் அதில் ஒன்று மைனஸில் நிற்கும். நீளம் மைனஸில் இருக்க முடியாது, ஆகவே இது வேண்டாம் என்று சொல்லிச் சிவப்பில் ஒரு கோடு போட்டு அடிப்போம். நாம் சொன்னது அவ்வளவுதான். பிள்ளைகள் எடுத்துக்கொண்டது வேறு. இரண்டு விடை வந்தால் ஒன்றை அடித்தே தீர வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். காரணம் யாருக்கு வேண்டும், கோடுதான் வேண்டும்.

எங்கள் பள்ளியில் அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். பலி கொடுப்பது. "மிஸ், இதுல எத பலி குடுக்கறது?" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும். நானும் வருஷா வருஷம் தொண்டை வறளக் காரணம் சொல்வேன். ஆனால் மூலக்குளம் பக்கம் டியூஷன் போகிற பிள்ளைகள் அங்கிருந்து ஒரே வரியில் ஒரு வித்தை கற்றுக்கொண்டு வந்துவிடுவார்கள். சின்னதை அடி, பெரிதை எடு. மைனஸ் எப்போதும் சின்னதுதானே, அதனால் அந்த வித்தை பரீட்சையில் ஒருநாளும் தோற்றதில்லை. தோற்காத வித்தையைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை, அனுபவத்தில் சொல்கிறேன்.

அது தோற்ற கதை இது. புதுச்சேரியில் பாகூர் கொம்யூனில், அதாவது பாகூர் பஞ்சாயத்து வட்டாரத்தில், கிருமாம்பாக்கத்திலிருந்து உள்ளே வந்தால் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் டீ வாங்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மதிய உணவுக்குக் காய்கறித் தோட்டம் போடச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கூடவே நாற்பது மீட்டர் கம்பி வலையும், நூற்றைம்பது சதுர மீட்டருக்கான விதையும் நாற்றும் வந்தன. தோட்டத்தின் ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர் இருக்கும், மற்ற மூன்று பக்கம் வலை கட்டினால் போதும். பரப்பு சரியாக நூற்றைம்பது இருக்க வேண்டும், வலையில் ஒரு முழம்கூட மிச்சம் ஆகக் கூடாது என்று தலைமையாசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மிச்சமானால் அதற்குத் தனியாக விளக்கம் எழுத வேண்டும். மனுஷனுக்கு விளக்கம் எழுதுவது என்றால் பல்வலி மாதிரி.

அந்தத் தலைமையாசிரியரைத் தப்பாக நினைக்காதீர்கள். நல்ல மனுஷர், நாளிதழில் படம் வரவேண்டும் என்ற ஒரு சின்ன ஆசைதான் அவருக்கு. 'மாணவர்களே கணக்கிட்டு அமைத்த தோட்டம்' என்று தலைப்பு வரை யோசித்து வைத்திருந்தார். அதனால் நான் பாகூரில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, பத்தாம் வகுப்புக்குப் போய் இந்தக் கணக்கைக் கொடுத்துவிட்டார்.

பிள்ளைகள் நன்றாகவே போட்டார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். சுவரிலிருந்து மைதானத்துப் பக்கம் தோட்டம் நீளுகிற தூரத்தை எக்ஸ் என்று வைத்தார்கள். அந்தப் பக்கம் இரண்டு இருப்பதால் இரண்டு எக்ஸ் போக, மிச்ச வலை சுவருக்கு எதிர்ப் பக்கத்துக்கு. பெருக்கினால் நூற்றைம்பது. சுருக்கி எழுதினால் எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் இருபது எக்ஸ் பிளஸ் எழுபத்தைந்து, ஈக்குவல் டு பூஜ்யம். விடை ஐந்து, பதினைந்து. வகுப்பே திருதிருவென்று விழித்திருக்கிறது. பலி கொடுக்க மைனஸே இல்லை. முதல் ரேங்க் பையன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, சின்னது ஐந்து என்று அதன் மேல் என்னைப் போலவே சிவப்பில் ஒரு கோடு போட்டு அடித்து, பதினைந்தைக் கட்டம் கட்டி, தலைமையாசிரியர் கையில் கொடுத்துவிட்டான். எல்லாரும் கை தட்டினார்களாம்.

மறுநாள் காலை ஸ்கூட்டியில் பள்ளிக்குள் நுழைகிறேன், கபடி மைதானத்தில் கூட்டம். எங்கள் பள்ளியில் மேடு பள்ளம் இல்லாத இடம் அது ஒன்றுதான், சுவரிலிருந்து ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் தள்ளி ஆரம்பிக்கும். அதன் நட்டநடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கல்தூண் நட வரிசையாகக் குழி தோண்டியிருந்தார்கள். கொத்தனார் ஓரமாகக் கலவை போட்டுக்கொண்டிருந்தார். நடுக் குழி ஒன்றில் வலது காலை முழங்கால் வரை விட்டுக்கொண்டு ஹேமாவதி நின்றிருந்தாள்.

ஹேமாவதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு. பெண்கள் கபடி அணியில் ரெய்டு போகிறவள். அணியிலேயே குள்ளம், ஆனால் அவள் கோட்டைத் தாண்டி உள்ளே போனால் எதிரணி நாலடி பின்னால் போகும். கணக்கில் என்னிடம் அவள் பாஸ் மார்க் வாங்கியதே இல்லை, எனக்கும் அவளுக்கும் அதில் ஒரு சுமுகமான உடன்பாடு இருந்தது. கொம்யூன் அணிக்கான தேர்வு அந்தச் சனிக்கிழமை எங்கள் மைதானத்தில் நடப்பதாக இருந்தது. மைதானம் போனால் தேர்வு வேறு ஊர்ப் பள்ளிக்கு மாறிவிடும். அவள் அப்பா கரும்பு போடுகிறவர், அதிகம் பேசாத மனுஷர். பள்ளிக்கூடத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடட்டும், ஊர் தாண்டி அனுப்ப மாட்டேன் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் முன்பே சொல்லியிருந்தார். ஆக அந்தக் குழியில் கலவை விழுந்தால் அவள் கபடியும் அதோடு சரி. அதனால்தான் காலை உள்ளே விட்டிருந்தாள்.

எங்கள் உடற்கல்வி ஆசிரியரை எல்லாரும் பி.டி. சார் என்போம். அவருக்கு மீசை துடித்துக்கொண்டிருந்தது. கபடிக் கோர்ட்டில் வெண்டைக்காய் நடுகிற அநியாயம் உலகத்தில் எங்காவது உண்டா என்று கொத்தனாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கொத்தனார் பாவம், தனக்கு அளவுதான் கொடுத்தார்கள் என்றார். தலைமையாசிரியர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு அதிகாரி வருகிறார், இது என் முடிவு இல்லை, கணக்கு அப்படி வந்திருக்கிறது என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷ சர்வீஸில் கணக்கை எத்தனையோ பேர் திட்டிக் கேட்டிருக்கிறேன். அதன் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்வதை அன்றுதான் பார்த்தேன்.

என்னைப் பார்த்ததும், உங்கள் பொண்ணு, நீங்களே புரியவைத்து வெளியே எடுங்கள் என்றார். ஹேமாவதி குழிக்குள்ளிருந்தே என்னைப் பார்த்தாள். அழுகை இல்லை. அழுகைக்கு முந்தின கோபம்.

"மிஸ், நெசமாவே கணக்கு இப்பிடித்தான் வந்துச்சா? நீங்க சொன்னா நான் காலை எடுத்துக்கறேன்."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். ஐந்தின் மேல் அழகாக ஒரு சிவப்புக் கோடு.

கண நேரத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஐந்தும் உயிருள்ள விடைதான். சுவரிலிருந்து ஐந்து மீட்டர் வெளியே வந்து, சுவரோடு முப்பது மீட்டர் ஓடினால் அதே வலை, அதே பரப்பு, கோர்ட்டில் ஒரு கோடுகூடப் படாது. சந்தோஷமாக அந்த முப்பது மீட்டரைக் கண்ணால் அளந்துகொண்டு போனேன். போன கண் நின்றுவிட்டது. அங்கே எங்கள் வண்டிகள் நின்றிருந்தன. மேற்குச் சுவர் அது. மதியத்துக்கு மேல் நிழல் விழும், சாயங்காலம் கிளம்பும்போது சீட் சூடாக இருக்காது. பள்ளியில் வண்டிக்கு நிழல் தருகிற இடம் அது ஒன்றுதான். வரிசையின் தலைமாட்டில் தலைமையாசிரியரின் வெள்ளைக் கார். கடைசியில், சற்று முன்புதான் நான் நிறுத்திய என் ஸ்கூட்டி.

அந்த ஐந்தை ஏன் எந்தப் பெரியவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது சின்னது என்பதால் பையன் அடித்தான். அடித்தது சௌகரியமாக இருந்ததால் மற்றவர்கள் ஏன் என்று கேட்கவில்லை. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, சத்தியமாக. சௌகரியமான விடைக்கு நாம் சரிபார்ப்பு எழுதுவதில்லை, அவ்வளவுதான். சித்திரை மாச வெயிலில் ஸ்கூட்டி சீட் எப்படி இருக்கும் என்று நானும் ஒரு தரம் நினைத்துப் பார்த்தேன் என்பதை மறைப்பானேன்.

இனி கவனமாகக் கேளுங்கள், இதற்காகத்தான் உங்களை உட்கார வைத்தேன். விடையை நானே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? கணக்கு டீச்சர் கபடிக்குப் பரிந்து வருகிறாள் என்பார்கள். ஸ்டாஃப் ரூம் இரண்டாகும். பி.டி. சாருக்கும் மற்றவர்களுக்கும் வருஷம் முழுக்கப் பேச்சு இருக்காது. தப்பித்தவறி நான் ஜெயித்தால்கூட, மிஸ் காப்பாற்றினார் என்பதுதான் அந்தப் பெண்ணுக்கு மிஞ்சும். அவளே சொன்னால் யாரும் வாயைத் திறக்க முடியாது. ஆனால் பாஸ் மார்க் வாங்காத பெண். நேரமும் இல்லை, "டீச்சரம்மா, கலவ இறுகிடும்" என்று கொத்தனார் நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார். சொல்லாமல் நின்று, அவளுக்குப் பிடிபடவில்லை என்றால், நான் வாயை மூடி வைத்ததால் மைதானம் போய்விடும். இரண்டுமே ஆபத்துதான். தலைமையாசிரியரிடம், கலவை தாங்குகிற நேரம் மட்டும் கொடுங்கள் என்று கேட்டேன். எப்படியும் பெண் காலை எடுத்தால் போதும் என்று தலையாட்டினார்.

தாளை அவளிடம் காட்டினேன். "இந்த அஞ்ச ஏன் அடிச்சிருக்காங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"சின்னதா கீதுன்னு அடிச்சாங்க மிஸ். கிளாஸ்ல எல்லாரும் அதான் சொன்னாங்க."

"சின்னதா இருந்தா அடிச்சிடலாமா?"

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற தன் அணிப் பெண்கள் எல்லாரையும் அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு எல்லாரையும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

"அப்பிடி அடிக்கறதுன்னா என்னத்தான் மொதல்ல டீம்லேர்ந்து அடிச்சிருக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். பதில் தெரிந்த வாத்தியார் வாயை மூடிக்கொண்டு நிற்பது இருக்கிறதே, தும்மலை அடக்குவதைவிடக் கஷ்டம். அவள் உதட்டுக்குள் என்னவோ முணுமுணுத்தாள். அந்தப் பக்கம் அஞ்சு, இந்தப் பக்கம் அஞ்சு, பத்து போச்சு, மிச்சம் முப்பது. முப்பதை அஞ்சால் பெருக்கிப் பார்த்தாள். விரல் விட்டு இன்னொரு தரம் பெருக்கினாள். நிமிர்ந்தபோது முகமே மாறியிருந்தது. குழியிலிருந்து காலை எடுத்தாள். கொத்தனார் கரண்டியைத் தூக்கவும், பக்கத்தில் இருந்த அணிப் பெண் ஒருத்தி டக்கென்று தன் காலை உள்ளே விட்டுக்கொண்டாள். ரெய்டருக்கு ஆள் மாற்று. பி.டி. சாருக்கு அந்த நிலைமையிலும் பெருமை தாங்கவில்லை.

ஹேமாவதி கம்பி வலைச் சுருளை நான்கைந்து பெண்களோடு உருட்டிக்கொண்டு சுவரோரம் போனாள். டேப்பைப் பிடித்து, சுவரிலிருந்து வலையை விரித்தபடி ஐந்து மீட்டர் வெளியே வந்தாள். அங்கிருந்து சுவருக்கு இணையாக வலையை விரித்துக்கொண்டே போனார்கள். ஸ்கூட்டிகளைத் தாண்டி, பைக்குகளைத் தாண்டி, வெள்ளைக் காரையும் தாண்டி வலை போனது. முப்பதில் திரும்பி, மீண்டும் சுவரைப் பார்த்து நடந்தாள். சுருளும் தீர்ந்தது, சுவரும் வந்தது. ஒரு முழம் மிச்சம் இல்லை. எங்கள் அத்தனை பேர் வண்டியும் தோட்டத்துக்குள் நின்றன.

சமூக அறிவியல் சார், இது தோட்டம் மாதிரியா இருக்கிறது, சந்து மாதிரி இருக்கிறது என்றார். தமிழ் அம்மா, அப்போ வண்டியை எங்கே நிறுத்துவது என்று நேராகவே கேட்டுவிட்டார்கள். அந்த நேர்மைக்காக இன்றைக்கும் எனக்கு அவர்கள் மேல் மரியாதை. தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பி, இதில் எது சரியான விடை என்று கேட்டார். முகத்தில் ஒரு நம்பிக்கை. கணக்கு மறுபடியும் வந்து தன்னைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை.

இரண்டும் சரி என்றேன். வலையும் சரி, பரப்பும் சரி, இரண்டுக்கும் குறை சொல்ல முடியாது என்றேன். அப்படியானால் எதைப் போடுவது என்று கணக்கு சொல்லாதா என்றார். எத்தனை வழி இருக்கிறது என்பதோடு கணக்கின் வேலை முடிந்தது, மிச்சத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, பின்விளைவையும் யோசித்துக்கொண்டேன். அடுத்த இடமாற்றத்தில் காரைக்காலுக்கோ மாகேவுக்கோ ஏனாமுக்கோ பெட்டி கட்ட வேண்டி வந்தாலும் வரலாம் இல்லையா.

அப்போது ஹேமாவதி வந்து அவர் முன்னால் நின்றாள். கை, பாவாடை எல்லாம் துரு.

"மைனஸ்னா நானே அடிச்சிருவேன் சார். இது மைனஸ் இல்ல. வண்டிய எங்க வேணா நிறுத்தலாம். எனக்கு இந்த எடத்த வுட்டா வேற எடம் இல்ல, எங்க வூட்ல வுட மாட்டாங்க."

குரலை உயர்த்தவில்லை. கெஞ்சவும் இல்லை. தலைமையாசிரியர் குழியில் இன்னும் காலை விட்டு நின்ற அணிப் பெண்ணைப் பார்த்தார், தன் காரைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். கோபித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன். பெண்கள் வலையைத் தூக்கிப் பிடிக்க, காரை மெதுவாக எடுத்துக்கொண்டு போய்க் கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில், பொட்டு நிழல் இல்லாத இடத்தில் நிறுத்திவிட்டு இறங்கினார்.

அதைப் பார்த்துச் சமூக அறிவியல் சார் பைக்கைத் தள்ளினார். தமிழ் அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்கள், நானும் என்னுடையதைத் தள்ளினேன். கொத்தனார், புதுசாகக் குழி எடுக்க வேண்டும், கலவை வீணாகப் போகிறது என்று முணுமுணுத்தார். அந்தக் கலவையைக் கொண்டு போய்க் கழிப்பறைப் படிக்கட்டைப் பூசச் சொன்னார் தலைமையாசிரியர். ரொம்ப நாளாக உடைந்து கிடந்த படி அது. அதிலும் ஒரு நன்மை.

மறுநாள் அதிகாரி வந்தார். ஏன் இப்படி ஒல்லியாக நீட்டி வைத்திருக்கிறீர்கள், அகலமாகப் போட்டிருக்கலாமே என்று கேட்டார். அதுவும் சரியான விடைதான், ஆனால் அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று தலைமையாசிரியரே சொன்னார். படமும் எடுத்தார்கள். நாளிதழில் வந்ததில் தோட்டத்தைவிட பி.டி. சாரின் மீசைதான் நன்றாக விழுந்திருந்தது.

நீங்கள் வகுப்பில் செய்ய வேண்டியது ஒன்றுதான். விடை இரண்டு வந்ததும், அடிப்பதற்கு முன் இரண்டையும் கேள்விக்குள் திருப்பி அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தாததை அடிக்கட்டும், ஏன் பொருந்தவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு அடிக்கட்டும். இரண்டுமே பொருந்தினால் அங்கே பேனாவை வைத்துவிட்டுப் பேச வேண்டும். அந்தப் பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது, ஆனாலும் பேச வையுங்கள்.

சனிக்கிழமை தேர்வு நடந்தது. கூட்டத்துக்குப் பின்னால், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஹேமாவதியின் அப்பா நின்றிருந்தார். மகள் ஆடி அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று பிறகுதான் தெரிந்தது. அவள் உள்ளே போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்தவளையும் இழுத்துக்கொண்டு கோட்டுக்குத் திரும்பியபோது ஊரே கத்தியது, அவர் மட்டும் கத்தவில்லை. சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தபடி அப்படியே நின்றார். சாயங்காலம் அணியில் இருப்பவர்களின் பெயரை வாசித்தார்கள், அவள் பெயரும் இருந்தது. அடுத்த ஆட்டம் காரைக்காலில் என்றும் அறிவித்தார்கள். அவள் அப்பாவோ பக்கத்து ஊருக்கே அனுப்பாத மனுஷர். பி.டி. சாரும் நானும் என்ன சொல்லிக் கேட்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களிடமே வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காரைக்கால் பஸ் கிருமாம்பாக்கத்துல நிக்குமா சார்?" என்று கேட்டார்.